சினமும் ஒப்பாரியும்: கிரேக்கக் காவிய நாயகனைக் கொட்டியாரத்தில் இருந்து வாசித்தல்

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. திருகோணமலைத் தமிழர் தலைமுறை தலைமுறையாக 31ஆம் நாள் அந்தியேட்டிக் கடனைக் கழிக்கப் போன இடம் அது. அந்தக் கிணறுகளை உண்டாக்கியவன் இராவணன் என்பது ஐதீகம். தாய் இறந்த செய்தி கேட்டவன், அவளுக்குச் செய்யவேண்டிய கிரியைக்குத் தண்ணீர் தேடி நிலத்தை ஏழு இடத்தில் குத்தினானாம். ஏழு இடத்திலும் வெந்நீர் பொங்கியதாம். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்று காட்டப்படும் பிளவுக்கும் ஊரார் சொல்லும் காரணம் தாய்தான். நோயுற்ற தாய் வழிபடுவதற்காகக் கோயிலையே பெயர்த்துக்கொண்டு போக முயன்றான் என்பார்கள். கயிலையை அசைத்த தோள்வலி, பத்துத் தலை, மூவுலகையும் வென்ற படை ஆகியவற்றையெல்லாம் காப்பியங்கள் பேசட்டும். திருகோணமலை அவனை நினைவு வைத்திருப்பது தாய்க்கு அழுத மகனாக.

பழைய கிரேக்க இலக்கியத்தில் காவிய நாயகனை நாயகனாக்கும் பண்புகள் எவை என்ற கேள்வியைக் கன்னியாவை மனதில் வைத்துக்கொண்டு அணுகினால் விடை வேறாக வருகிறது. பாடப்புத்தகங்கள் தரும் விடை எல்லாருக்கும் தெரியும்: தெய்வப் பிறப்பு, ஒப்பற்ற வீரம், புகழ் வேட்கை, மானம், நட்பு, சொல்வன்மை, விதியை எதிர்கொள்ளும் துணிவு. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலோடு நிறுத்துகிறவர் இலியட்டைப் பாதியிலேயே மூடிவைத்தவர். ஹோமரின் நாயகன் முழுமையடைவது அவனுக்காக யாரோ அழும்போதுதான். இந்தத் துறையில் நூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைத் தொடர்ந்து பார்த்தாலும் போக்கு இதுவே. வாளில் தொடங்கிய ஆய்வு மெல்ல மெல்ல ஒப்பாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எச். எம். சாட்விக் 1912இல் வெளியிட்ட ‘வீரயுகம்’ என்ற நூலே இதற்கு அடித்தளம். கிரேக்கத்திலும் பழைய ஜெர்மானியக் குடிகளிடையேயும் ஒரே வகையான சமூகம், ஒரே வகையான பாட்டு, ஒரே வகையான நாயகன் தோன்றியதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். குலக்கட்டு தளர்ந்து, பெருந்தலைவர்களைச் சுற்றி இளம் போர்வீரர் திரளும் காலம் அது. அந்தத் தலைவர்களை உயிரோடு இருக்கும்போதே பாட ஒரு கூட்டம் உண்டு. தலைவன் கொடுக்கிறான், பாடகர் பாடுகிறார்கள். சி. எம். பௌரா 1952இல் வீரப்பாடல் பற்றி எழுதிய பெருநூல் இந்த ஒப்பீட்டை உலகெங்கும் விரித்தது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், 1933 தொடக்கம் 1935 வரை, மில்மன் பரி என்ற அமெரிக்கர் யூகோஸ்லாவியக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களின் நெடும்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான அடிகளை அவர்கள் மனப்பாடமாக ஒப்புவிக்கவில்லை என்றும், தொடர்களையும் நிகழ்ச்சிகளையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு மேடையிலேயே புனைகிறார்கள் என்றும் கண்டார். பரி இளவயதிலேயே இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லோர்ட் 1960இல் அந்த ஆய்வை நூலாக்கினார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இலியட்டின் நாயகன் அக்கிலீஸ் ஏன் ‘விரைந்த காலுடையவன்’ என்று அழைக்கப்படுகிறான் என்பதற்குப் பரியின் ஆய்வுகளே சரியான விளக்கம் தந்தன.

இந்த வரிசையில் அடுத்த பெயர் நம்முடையது. க. கைலாசபதி 1933இல் கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேராதனையிலும் கற்றவர். ‘தினகரன்’ ஆசிரியராக இருந்துவிட்டுப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் புறப்பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஆய்வை ஒக்ஸ்போர்ட் 1968இல் வெளியிட்டது. பாணர், பொருநர், விறலியர் மரபை ஹோமரின் பாடகர்களோடு அருகருகே வைத்து, புறநானூற்று நாயகனும் கிரேக்க நாயகனும் ஒரே வகைச் சமூகத்தின் விளைச்சல் என்று நிறுவிய முதல் பெருமுயற்சி அது. கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்தார். ஈழத்துத் தமிழாய்வின் இரு தூண்களும் ஒரே கிரேக்க மொழிப் பேராசிரியரின் மாணவர்கள் என்பதை நாம் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. தொம்சன் நூலகத்தோடு நின்றவர் அல்லர். அயர்லாந்தின் மேற்கே பிளாஸ்கெட் தீவில் மீனவரோடு பழகி, அவர்கள் மொழியைக் கற்று, வாய்மொழிக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று நேரில் அறிந்தவர்.

கைலாசபதியின் முடிவுகளுக்கு எதிர்ப்பும் வந்தது. ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் எழுதிய நூலில், பாணரின் வாய்மொழிப் பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவையே நம் சங்கப்பாடல்கள் என்றார். ஹெர்மன் தீக்கன் 2001இல் இன்னும் தூரம் போய், அவை மிகப் பிற்காலத்தில் வேண்டுமென்றே பழமை பூசிப் புனையப்பட்டவை என்று வாதிட்டார். தீக்கனின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகல் ஒன்றே, புறப்பாடல்களின் உலகம் வெறும் கற்பனை இல்லை என்று சொல்லப் போதும். ஹார்ட்டின் கருத்து கைலாசபதியைத் திருத்துகிறதே தவிர வீழ்த்தவில்லை.

இனி நாயகனுக்கு வருவோம். கைலாசபதி திறந்த வழியில் கிரேக்கனையும் தமிழனையும் எதிரெதிரே நிறுத்தினால் முதலில் தெரிவது மானம். அக்கிலீஸின் கதை மானத்தில் பட்ட ஒரு காயத்தில் தொடங்குகிறது. துரோய்ப் போரில் அவனுக்குப் பரிசாகக் கிடைத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் சபையறியப் பறித்துக்கொள்கிறான். சேனை முழுவதும் பார்த்திருக்க நடந்ததால்தான் அந்த அவமானம் பொறுக்க முடியாததாகிறது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனையும், சிறையில் தண்ணீர் தாழ்த்துக் கிடைத்ததற்காக அதைக் குடிக்காமல் இறந்த கணைக்கால் இரும்பொறையையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. சோபக்ளீஸின் நாடகத்தில் அயாஸ் தன் வாளிலேயே விழுந்து சாகிறான். வெறியில் மந்தையை எதிரிகள் என்று எண்ணி வெட்டியதைத் தெளிந்தபின் உணர்ந்ததே காரணம். அவனையும் நம் வடக்கிருந்தவர் வரிசையில் உட்கார வைக்கலாம்.

கொடையிலும் ஒற்றுமை உண்டு. இலியட்டின் ஆறாம் காண்டத்தில் டயோமிடிஸும் கிளவுக்கஸும் எதிரிகளாகச் சந்திக்கிறார்கள். குலம் கேட்டு, பாட்டன்மார் விருந்துறவு கொண்டவர்கள் என்று அறிந்ததும் போர்க்களத்தின் நடுவே கவசத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கிளவுக்கஸ் நூறு எருது பெறுமதியான பொற்கவசத்தை ஒன்பது எருது பெறுமதியான வெண்கலத்துக்குக் கொடுத்துவிடுகிறான். சாவா வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானும் இதே வகையைச் சேர்ந்தவன். கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் காவிய நாயகன் ஆவதில்லை.

சொல்வன்மையை நாம் மறந்துவிடுகிறோம். போனிக்ஸ் என்ற முதியவர் அக்கிலீஸை வளர்த்தது செயலாற்ற மட்டுமல்ல, சபையில் பேசவும்தான். ஒடிசியஸின் வெற்றிகளில் பெரும்பகுதி வாயால் வந்தவை. எங்கள் கிழக்குக் கரைக் கூத்திலும் அரசன் வெறுமனே வாள் வீசுவதில்லை. வட்டக் களரிக்குள் வரும்போதே தன் வரவுத் தருவில் குலத்தையும் பெருமையையும் பாடி ஆடவேண்டும். கரப்புடுப்பும் புயக்கிரீடமும் சதங்கையும் பூண்டு, அண்ணாவியாரின் மத்தள அடிக்குப் பிசகாமல் தாளக்கட்டு ஆடி முடித்த பிறகே அவன் அர்ச்சுனன் அல்லது கர்ணன். வடமோடிக் கூத்துகளின் பெயர்களைக் கேட்டாலே இலியட் நினைவு வரும்: பதின்மூன்றாம் போர், பதினேழாம் போர், பதினெட்டாம் போர். முதலாவதில் அபிமன்யு விழுகிறான், இரண்டாவதில் கர்ணன் விழுகிறான். போரின் நாளை எண்ணி, அந்த நாளில் செத்தவனைப் பாடுவது இந்த மரபின் இயல்பு.

அந்த மரபை விடியும் வரை ஆடும் ஊர்க்கூத்தில் இருந்து எடுத்து, நகரத்து மேடைக்கு ஏற்பச் சுருக்கிப் பேராதனைக்குக் கொண்டுபோனவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962இல் ‘கர்ணன் போர்’, அதன்பின் ‘இராவணேசன்’ என்று வந்தன. ‘இராவணேசன்’ சி. மௌனகுரு எழுதி, அவரே இராவணனாக ஆடியது. கொடுங்கோலனாகவும் இல்லாமல் குறையற்றவனாகவும் இல்லாமல், அழிவு வருகிறது என்று தெரிந்தே போருக்குப் போகும் ஒருவனை அந்த மேடை காட்டியது. கிரேக்கர் நாயகனுக்கு வைத்த இலக்கணத்துக்குத் தமிழ் மேடையில் மிக அருகில் வந்த பாத்திரம் அந்த இராவணன்தான் என்பது என் துணிபு.

அழிவு வருகிறது என்று தெரிந்தே போவதுதான் இந்தத் துறையின் நெஞ்சுப் பகுதி. அக்கிலீஸின் தாய் தெட்டிஸ் கடல்தெய்வம்; தந்தை பெலியஸ் சாகப்போகும் மனிதன். பாதித் தெய்வமாகப் பிறந்தும் சாவில் இருந்து தப்பமுடியாது என்பதே கிரேக்க நாயகனின் அடிப்படைத் துயரம். ஊருக்குத் திரும்பினால் நெடுவாழ்வு, புகழில்லை. துரோயில் நின்றால் அழியாப் புகழ், விரைந்த சாவு. இந்த இரண்டு வழியும் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெய்வங்களுக்கு இந்தத் தெரிவு கிடையாது. சாவில்லாதவருக்குத் துணிவு என்ற ஒன்று தேவையே இல்லை. ஆகவே ஹோமரின் உலகில் தெய்வங்களைவிட மனிதனே கனமானவன்.

ஆனால் அக்கிலீஸைத் துரோயில் நிறுத்தியது புகழ் இல்லை. கூர்ந்து வாசிப்பவருக்கு இது தெளிவாகும். அகமெம்னன் அனுப்பிய தூதரிடம் அவன் புகழையே உதறிப் பேசுகிறான். கோழையும் வீரனும் ஒரேபோலச் சாகிறார்களே என்கிறான். அவனைக் களத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது பத்ரோக்ளஸின் சாவு. அந்தச் சாவுக்கும் அவனுடைய சினமே காரணம். தான் விலகி நின்றதால் தன் சேனை மாண்டது, தன் கவசத்தை அணிந்துபோன தோழனும் மாண்டான். கிரேக்கக் காவிய நாயகனின் மிக முக்கியமான பண்பு என்று நான் கருதுவது இதை: அவனுடைய பெருமை எங்கே இருக்கிறதோ அங்கேயே அவனுடைய மக்களுக்கான ஆபத்தும் இருக்கிறது. அவன் சினம் முதலில் சுடுவது பகைவரை அல்ல, சொந்தச் சனத்தை. கிரெகரி நாஜி 1979இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், அக்கியரில், அதாவது ஹோமரின் கிரேக்கரில், சிறந்தவன் யார் என்ற போட்டியையும் அக்கியருக்கு வந்த துன்பத்தையும் ஒரே முடிச்சாகக் காட்டுகிறார். கிரேக்கர் நாயகர்களின் கல்லறைகளில் ஆண்டுதோறும் பலி கொடுத்து வழிபட்டதற்கும் இந்த அச்சம் ஒரு காரணம். செத்த வீரன் காப்பான், ஆற்றாவிட்டால் கெடுப்பான்.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஏதென்ஸ் வரை போகத் தேவையில்லை. வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு, திருகோணமலைக் கண்ணகி கோயில்களில் வழக்குரை படிக்கிறார்கள். மதுரையை எரித்தவளின் சினம் ஆறாமல் ஊரில் நின்றால் அம்மையும் வெப்பும் வரும் என்ற நம்பிக்கையில், சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அவளைக் குளிரப் பண்ணுகிறார்கள். நீதி கேட்ட சினம் நியாயமானது என்பதை ஊர் ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சினத்தோடு காலம் முழுவதும் வாழமுடியாது என்பதையும் ஊர் அறிந்திருக்கிறது. இலியட் சினத்தில் தொடங்கும் காவியம். இருபத்துநான்காம் காண்டம் அதன் குளிர்த்தி.

அந்தக் காண்டத்தை விரிவாகச் சொல்லவேண்டும். பத்ரோக்ளஸைக் கொன்ற துரோய் இளவரசன் ஹெக்டரைப் பழிவாங்கிக் கொன்ற அக்கிலீஸ் அவன் உடலைத் தேரில் கட்டிப் புழுதியில் இழுக்கிறான். பத்ரோக்ளஸின் சிதையில் துரோய் இளைஞர் பன்னிருவரைப் பலியிடுகிறான். ஆத்திரம் அடங்கவில்லை, உறக்கமும் இல்லை. ஓர் இரவு, ஹெக்டரின் கிழத்தந்தை பிரியம், வண்டியில் மீட்புப் பொருளை ஏற்றிக்கொண்டு எதிரியின் பாசறைக்குள் படைத்துணையின்றி வருகிறான். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளைப் பிடித்து முத்தமிடுகிறான். உன் தகப்பனை நினைத்துப்பார் என்று மன்றாடுகிறான். இருவரும் அழுகிறார்கள்: கிழவன் ஹெக்டருக்காக, அக்கிலீஸ் சிலவேளை தன் தந்தைக்காகவும் சிலவேளை பத்ரோக்ளஸுக்காகவும். பிறகு அக்கிலீஸ் செய்பவற்றைக் கவனியுங்கள். உடலைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்கிறான். தந்தை கண்டு துடித்துவிடக்கூடாது என்பதற்காக அதை மறைவில் செய்விக்கிறான். தானே உடலைத் தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். கிழவனைச் சாப்பிடவைக்கிறான். அடக்கம் செய்ய எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழவேண்டும், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் மேடு எழுப்பவேண்டும், போர் தவிர்க்க முடியாதது என்றால் பன்னிரண்டாம் நாள் தொடங்குவோம் என்கிறான் பிரியம். அக்கிலீஸ் இணங்குகிறான். இலியட்டில் அவனுடைய மிகப் பெரிய செயல் இதுதான். ஹெக்டரைக் கொன்றது இதற்கு அடுத்தபடியே.

பிறகு துரோயில் மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். மனைவி அண்ட்ரோமகி, தாய் ஹெக்குபா, பழிகாரி என்று எல்லாரும் வெறுத்த ஹெலன். கட்டிலில் கிடந்து கைநீட்டி எனக்கென்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகவில்லையே என்பது அண்ட்ரோமகியின் ஆற்றாமை. காவியத்தின் ஆறாம் காண்டத்திலேயே வந்த பெண் அவள். தந்தையையும் ஏழு சகோதரரையும் அக்கிலீஸின் கையால் இழந்தவள், நீயே எனக்குத் தகப்பன், தாய், சகோதரன், கணவன் என்று ஹெக்டரை மறித்து நின்றவள். அன்று அவன் தூக்கப்போன குழந்தை தலைச்சீராவின் குதிரைமயிர்க் குஞ்சத்துக்குப் பயந்து வீரிட்டது. பெற்றவர் இருவரும் சிரித்துவிட்டார்கள். ஹெக்டர் தலைச்சீராவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினான். தலைச்சீராவைக் கழற்றினால்தான் பிள்ளைக்குத் தகப்பனைத் தெரிகிறது. ஹெக்டரை ஹோமர் எவ்வளவு நேசித்தார் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். காவியம் அக்கிலீஸின் சாவோடு முடியவில்லை, துரோயின் வீழ்ச்சியோடும் முடியவில்லை. எதிரி நாட்டானான ஹெக்டரின் செத்தவீட்டோடு முடிகிறது.

ஆய்வுலகம் இந்த ஒப்பாரியின் பக்கம் திரும்பியதில் மார்கரெட் அலெக்சியுவுக்குப் பெரும் பங்குண்டு. ஹோமர் காலம் தொட்டு இன்றைய கிரேக்கக் கிராமங்கள் வரை பெண்கள் வைத்துவரும் ஒப்பாரியின் தொடர்ச்சியை அவர் 1974இல் வெளியிட்ட நூல் நிறுவியது. அவர் ஜோர்ஜ் தொம்சனின் மகள். தந்தையிடம் கற்ற தமிழ் மாணவர் வீரப்பாடலை ஆய்ந்தார், மகள் புலம்பலை ஆய்ந்தார். ஒரே வீட்டில் இருந்து புறப்பட்ட இந்த இரண்டு நூல்களையும் சேர்த்து வாசிக்கும் வேலையைத் தமிழில் இன்னும் யாரும் முழுமையாக எடுத்துச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரும் குறையாகப்படுகிறது. அதற்கு முன்பே, 1940இல், பிரான்ஸ் வீழ்ந்த வேளையில் சிமோன் வெய்ல் என்ற இளம்பெண் எழுதிய கட்டுரையொன்று இலியட்டின் உண்மையான நாயகன் வன்மை என்றது. வன்மை தன்னைச் சுமப்பவனையும் தன்னால் நசுங்குபவனையும் ஒருசேரக் கல்லாக்குகிறது என்றார். 1994இல் ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர், வியட்நாமில் இருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் வாக்குமூலங்களை அக்கிலீஸின் கதையோடு இணைத்து எழுதினார். தளபதியின் துரோகம், தோழனின் சாவு, கட்டுமீறிய வெறி என்ற வரிசை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் கிரேக்கரைவிட முந்திநிற்கிறது. வெட்சியும் வஞ்சியும் தும்பையும் வகுத்த தொல்காப்பியர் காஞ்சியையும் வகுத்தார். கணவனைப் பறிகொடுத்துக் காட்டில் தனித்து நிற்பவளின் முதுபாலை, கைம்மை நோற்பவளின் தாபதநிலை, இறந்தவனுக்காகச் செயலற்று வருந்தும் கையறுநிலை என்று அழுகைக்கே துறைகள் உண்டு. நடுகல்லுக்கு வகுத்த காட்சி, கால்கோள் முதலான ஆறு படிநிலைகளும் உண்டு. பறம்பை இழந்த பாரியின் மகளிர் பாடிய சிறு பாட்டுக்கு ஈடாக ஒரு தோல்விப் பாடலை எந்த மொழியிலும் நான் வாசித்ததில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நாம் புறநானூற்றில் இருந்து அதிகமாக எடுத்து ஓதியது மகனைப் போருக்கு அனுப்பிய மறக்குடித் தாயரின் மூதின்முல்லைப் பாட்டுகளை. கையறுநிலையை வகுப்பறையில் விட்டுவிட்டோம். அந்தத் தெரிவுக்கு எங்கள் தலைமுறைகள் கொடுத்த விலை பெரிது.

ஒடிசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒடிசியஸின் பண்பு பொறுத்திருத்தலும் உபாயமும். பத்தாண்டுப் போர், பத்தாண்டு அலைவு, கடைசியில் சொந்த வீட்டுக்குப் பிச்சைக்காரன் கோலத்தில் வருகை. பாதாளத்தில் அவனைச் சந்திக்கும் அக்கிலீஸ், செத்தவர் எல்லாருக்கும் அரசனாக இருப்பதிலும் நிலமற்ற ஒருவனிடம் கூலிக்கு உழுபவனாக உயிரோடு இருப்பது மேல் என்கிறான். இலியட்டுக்கு ஹோமர் மரபு தானே எழுதிய மறுமொழி இது. வயல்வேலை செய்யும் ஊர்க்காரர் யாரும் இதை வாசித்துவிட்டு எளிதில் கடந்துபோக முடியாது.

திருகோணமலைக்குத் தெற்கே உள்ள எங்கள் கொட்டியாரக் குடாவுக்கே ஓர் ஒடிசியஸ் உண்டு. 1660இல் மூதூர்க் கரையில் கண்டி மன்னனின் ஆட்களால் தந்தையோடு பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, தந்தையை இம்மண்ணில் புதைத்துவிட்டு, 1679இல் தப்பி, 1680இல் இலண்டன் போய்ச் சேர்ந்தான். நம்மவரின் திரும்புதல் இன்னும் அண்மையது. 2006இல் மாவிலாற்று அணைக்கதவுச் சர்ச்சையோடு மூண்ட போரில் சம்பூர் வட்டாரச் சனம் இடம்பெயர்ந்தது. அவர்களில் பலர் 2007 தொடக்கம் கிளிவெட்டி முகாமில் தகரக் கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015ஆம் ஆண்டில் இருந்தே சொந்தக் காணிக்குப் போகமுடிந்தது. வீடு திரும்புதல் ஒரு காவியப் பொருள் என்று கிரேக்கர் கண்டதை, அந்த முகாமைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார்.

வீடு திரும்பாதவரையும் ஹோமர் மறப்பதில்லை; வீரரைப் பெயர் சொல்லாமல் அவர் சாகவிடுவது குறைவு. அயாஸின் ஈட்டிக்கு இரையாகும் சிமோயிசியஸ் ஒரு சில வரிகளுக்கு மட்டுமே வருகிறான். சிமோயிஸ் ஆற்றங்கரையில் தாய் அவனைப் பெற்றாள், ஆற்றின் பெயரையே வைத்தாள், பெற்றவருக்கு வளர்த்த கடனைத் தீர்க்காமலே போனான் என்று அந்தச் சில வரிகளில் சொல்லிவிடுகிறார். இஃபிடமாஸ் புதுமாப்பிள்ளை. பெண்ணுக்கு நூறு மாடு கொடுத்துவிட்டு வந்தவன், அவளோடு வாழ்ந்து பார்க்கவில்லை. பகை, நட்பு என்ற வேறுபாடு இங்கே கிடையாது. பெயர், தகப்பன், ஊர், விட்டுப்போனவர்: இந்த நான்கையும் சொன்ன பிறகே கண்ணை மூடவிடுகிறார். காவியம் நாயகனுக்குச் செய்யும் மரியாதையின் ஒரு பங்கு ஒவ்வொருவனுக்கும் கிடைக்கிறது.

கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம் இருக்கிறது. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கே 24 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் சிறுவரும் அதிகம். 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுதலை செய்தது. சட்டம் அந்த வழக்கை அப்படி முடித்துவைத்தது. அந்த வீடுகளில் அழுத பெண்களின் ஒப்பாரியில் பெயர், தகப்பன், ஊர், விட்டுப்போனவர் எல்லாம் இருந்திருக்கும். ஒப்பாரி எப்போதும் அப்படித்தான் கட்டப்படுகிறது. பாணருக்கு நிகரான தொடர்களும் அடுக்குகளும் அதற்கு உண்டு. பரி யூகோஸ்லாவியாவில் தேடிப்போன வாய்மொழிக் கலை எங்கள் செத்தவீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது, அதைப் பாடுகிறவர்கள் எழுதத் தெரியாத கிழவிகள் என்பதால் யாரும் அதை இலக்கியம் என்று எண்ணவில்லை.

கூத்துக்கு ஏடு உண்டு. ஏட்டண்ணாவியார் அதைக் காப்பார். பல ஏடுகள் அச்சிலும் வந்துவிட்டன. ஒப்பாரிக்கு ஏடில்லை. கொட்டியாரப் பற்றில் பதம் பிசகாமல் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள் இப்போது மிக முதியவர்கள். அடுத்த தலைமுறை ஒலிபெருக்கிப் பாட்டோடு செத்தவீட்டை முடித்துக்கொள்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலும் மட்டக்களப்பில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படிக்கும் மாணவர்களிடம் கேட்கிறேன்: கிளிவெட்டி, சேனையூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று, சம்பூர் என்று ஊர் ஊராகப் போங்கள். அந்தக் கிழவிகளிடம் அனுமதி கேட்டு, அவர்கள் விரும்பும் வேளையில், அவர்கள் யாருக்காக அழுதார்களோ அவர்களின் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கிரேக்க மூலத்தில் இருந்து நேரே இலியட்டின் இருபத்துநான்காம் காண்டத்தைத் தமிழாக்க ஒருவர் முன்வந்தால், அந்தப் பதிவுகளையும் அதையும் ஒரே நூலில் அச்சிடலாம். இந்த வேலைக்கு இன்னும் பத்து ஆண்டு அவகாசம் கிடையாது.